ஓர் உருளைக்குப் பின்னால் என்ன நடக்கிறது?

பாய்ம இயக்கவியலில் முதுநிலை ஆராய்ச்சிக்கோ முனைவர் பட்டத்துக்கோ சேரும் மாணவர் விமானம், ராக்கெட், காற்றாலை என்று பெரிய கனவுகளோடு வருவார். முதல் சில மாதங்களில் பெரும்பாலும் அவர் கைக்கு வருவது ஓர் உருளை. வழவழப்பான, சாதாரண வட்டக் கம்பி. அதன் மேல் காற்றோ தண்ணீரோ ஒரே சீராக வந்து மோதுகிறது. பின்னால் என்ன நடக்கிறது என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கேள்வி அவ்வளவுதான். நூறு ஆண்டுகளுக்கு மேலாக இந்தக் கேள்வியிலிருந்து ஆய்வேடுகள் வந்துகொண்டே இருக்கின்றன, இன்னும் தீர்ந்தபாடில்லை.

பாய்மம் என்றால் ஓடக்கூடியது, அதாவது திரவமும் வாயுவும். அது எப்படி ஓடும் என்று சொல்லும் சமன்பாடுகளைப் பிரான்ஸின் நாவியர் 1822-லும் பிரிட்டனின் ஸ்டோக்ஸ் 1845-லும் எழுதிவிட்டார்கள். இன்றும் அதே சமன்பாடுகள்தான். அப்படியானால் இன்னும் ஆராய என்ன மிச்சம் என்று கேட்கத் தோன்றும். சமன்பாடு கையில் இருக்கிறது. அதன் விடைதான் கைக்குள் அடங்குவதில்லை. எளிமையான ஓர் உருளையை ஓட்டத்தில் வைத்தாலே அந்தச் சமன்பாடு எத்தனை விதமாக நடந்துகொள்கிறது என்பது தெரிந்துவிடும்.

ஓடும் வாய்க்காலில் ஒரு கழியைச் செங்குத்தாக ஊன்றிப் பாருங்கள். முன்பக்கம் தண்ணீர் அமைதியாகப் பிரிந்து போகிறது. பின்பக்கம் அப்படி இல்லை. இடப்பக்கம் ஒரு சுழி உருவாகி, கொஞ்சம் பெரிதாகி, கழியை விட்டுக் கழன்று ஓட்டத்தோடு போகும். அது போன கையோடு வலப்பக்கம் ஒன்று. அப்புறம் மறுபடி இடப்பக்கம். வருகிற தண்ணீரில் எந்த ஆட்டமும் இல்லை, ஊன்றிய கழியும் அசையவில்லை. ஆனாலும் பின்னால் கடிகாரம் வைத்ததுபோல முறை மாறி மாறிச் சுழல்கள் உதிர்கின்றன. இதற்குச் சுழல் உதிர்வு என்று பெயர். உதிர்ந்த சுழல்கள் இரண்டு வரிசையாகப் போவதைக் கார்மன் சுழல் தெரு என்பார்கள். கடலின் நடுவே தனியாக உயர்ந்து நிற்கும் தீவுகளுக்குப் பின்னால் மேகங்களில் இதே கோலம் பல நூறு கிலோமீட்டர் நீளத்துக்கு விழுவதைச் செயற்கைக்கோள் படங்களில் காணலாம்.

ஏன் இப்படி? உருளையின் பரப்பை ஒட்டியிருக்கும் மெல்லிய படலத்தில் பாய்மம் உராய்வால் வேகம் குறைந்து போகிறது. இதை எல்லைப் படலம் என்கிறோம். உருளையின் விலாவைத் தாண்டியதும் போகும் திசையில் அழுத்தம் கூடிக்கொண்டே போகும். அதை எதிர்த்து முன்னேற, வேகம் இழந்த படலத்துக்குத் தெம்பு இல்லை. பரப்பை விட்டுப் பிரிந்துவிடுகிறது. இப்படி இரு பக்கமும் பிரிந்த இரண்டு படலங்களும் உள்நோக்கிச் சுருண்டு சுழல்களாகின்றன. முக்கியமான கட்டம் இதற்குப் பிறகுதான். ஒரு பக்கத்துச் சுழல் வளர வளர, எதிர்ப்பக்கத்துப் படலத்தைத் தன் பக்கம் இழுக்கிறது. எதிர்த்திசையில் சுழலும் அந்தப் படலம் குறுக்கே வந்ததும், முதல் சுழலுக்கு ஊட்டம் தந்துகொண்டிருந்த வழி அறுபடுகிறது. அது கழன்று போகிறது. இப்போது வளர்வது மற்றது. அதற்கும் அதே கதி. 1966-இல் ஜெரார்ட் சொன்ன விளக்கம் இது. ஒன்றை வளர்க்கும் செயலே அதை அறுத்துவிடுகிறது என்பதால்தான் இந்த ஆட்டம் தானாகவே நடந்துகொண்டிருக்கிறது.

எல்லா ஓட்டத்திலும் இது நடக்காது. இங்கேதான் ரெனால்ட்ஸ் எண் வருகிறது. வேகத்தையும் விட்டத்தையும் பெருக்கி, பாய்மத்தின் பிசுபிசுப்பைக் குறிக்கும் ஓர் அளவால் வகுத்தால் கிடைக்கும் எண் அது. தேன் மெதுவாக வழிவதுபோன்ற ஓட்டத்துக்கு எண் சிறியது. காற்றில் நிற்கும் புகைபோக்கிக்குப் பல லட்சம். உருளையைப் பொறுத்தவரை, எண் 5-க்கும் கீழே இருந்தால் பாய்மம் பரப்பை விடாமல் ஒட்டியே சுற்றிப் போகும். அதைத் தாண்டினால் பின்னால் இரண்டு சுழல்கள் ஒட்டிக்கொண்டு அசையாமல் நிற்கும். ஏறத்தாழ 47-ஐத் தாண்டியதும் அந்த அமைதி குலைந்து உதிர்தல் தொடங்குகிறது. 190 வாக்கில் சுழல்கள் உருளையின் நீளவாட்டிலும் நெளிய ஆரம்பிக்கின்றன. சில லட்சத்தை எட்டும்போது எல்லைப் படலமே கொந்தளிப்பாக மாறி, பின்னிழுக்கும் விசை சட்டென்று சரிகிறது. உருளை அதேதான், சமன்பாடும் அதேதான். எண் மட்டும் மாறினால் போதும், ஓட்டத்தின் குணமே வேறாகிவிடுகிறது.

சுழல்கள் எவ்வளவு வேகமாக உதிரும்? இதற்கான விடையைச் செக் நாட்டு இயற்பியலாளர் ஸ்ட்ரூஹால் 1878-இல் காது வழியாகவே கண்டுபிடித்துவிட்டார். காற்றில் கம்பியைச் சுழற்றினால் எழும் ஓசையின் சுருதி, கம்பியின் வேகத்தையும் தடிமனையும் பொறுத்தது என்று காட்டினார். நடைமுறைக்கு இப்படி நினைவில் வைத்துக்கொள்ளலாம்: வேகத்தை விட்டத்தால் வகுத்து 0.2-ஆல் பெருக்கினால், ஒரு நொடிக்கு எத்தனை முறை உதிர்கிறது என்பது கிடைக்கும். அந்த 0.2-தான் ஸ்ட்ரூஹால் எண். சில நூறு முதல் இரண்டு லட்சம் வரையிலான ரெனால்ட்ஸ் எண்களுக்கு இது பெரிதாக மாறுவதில்லை. வாய்க்கால் கழியின் விட்டம் 5 சென்டிமீட்டர், தண்ணீரின் வேகம் நொடிக்கு 25 சென்டிமீட்டர் என்றால், நொடிக்கு ஒரு முறை. நின்று எண்ணியே பார்த்துவிடலாம்.

இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்தது ஓர் ஆராய்ச்சி மாணவரின் கதை. 1911 வாக்கில் ஜெர்மனியின் கோட்டிங்கனில் பேராசிரியர் பிராண்டிலிடம் ஹீமென்ஸ் என்பவர் முனைவர் பட்டத்துக்காக வேலை செய்துகொண்டிருந்தார். உருளையைச் சுற்றி அழுத்தம் எப்படி மாறுகிறது என்று அளப்பது அவர் வேலை. அதற்காக ஒரு நீரோடைத் தொட்டி கட்டினார். ஓட்டம் நிலையாக இருக்க வேண்டும், ஆனால் அது ஆடிக்கொண்டே இருந்தது. உருளை சரியான வட்டமாக இல்லை போலும் என்றார் பிராண்டில். கவனமாகக் கடைந்து செய்தார், ஆட்டம் நிற்கவில்லை. தொட்டியின் இரு பக்கமும் சமமாக இல்லையோ என்று அதையும் சரி செய்தார், அப்போதும் நிற்கவில்லை. அதே கூடத்தில் உதவியாளராக இருந்த தியோடர் வான் கார்மன், தினமும் காலையில் வந்து ஓட்டம் நிலைக்கு வந்ததா என்று கேட்பாராம், எப்போதும் ஆடிக்கொண்டுதான் இருக்கிறது என்று ஹீமென்ஸ் வருத்தத்தோடு பதில் சொல்வாராம். பிற்காலத்தில் கார்மனே இதை எழுதியிருக்கிறார்.

விடாமல் ஆடுகிறது என்றால் இயற்கையாகவே ஏதோ காரணம் இருக்க வேண்டும் என்று கார்மனுக்குத் தோன்றியது. சுழல்களை இரண்டு வரிசையாக வைத்துக் கணக்குப் போட்டார். எதிரெதிராக ஜோடி ஜோடியாக அடுக்கினால் சின்னத் தள்ளலில் கலைந்துவிடுகிறது. ஒன்றுவிட்டு ஒன்று என்று அடுக்கினால், அதுவும் வரிசைகளுக்கு இடையிலான தூரம் ஒரே வரிசையின் அடுத்தடுத்த சுழல்களின் இடைவெளியில் 0.281 பங்காக இருந்தால் மட்டும், கலையாமல் நிற்கிறது. பெயர் கார்மனுக்குப் போனது. அவருக்கு முன்பே, 1908-இல், பிரான்ஸில் பெனார் இந்தச் சுழல்களை ஆராய்ந்து வெளியிட்டிருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஹீமென்ஸும் மறக்கப்படவில்லை. ஒரு பரப்பின் மேல் நேராக வந்து மோதும் ஓட்டத்துக்கு அவர் தந்த துல்லியமான தீர்வு, ஹீமென்ஸ் ஓட்டம் என்ற பெயரில் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது.

சரி, தண்ணீர் சுழன்றுவிட்டுப் போகட்டும், பொறியாளருக்கு அதில் என்ன கவலை?

ஒவ்வொரு சுழலும் கழலும்போது உருளையைப் பக்கவாட்டில் ஒரு முறை இழுக்கிறது. இடம், வலம், இடம், வலம். எந்தக் கட்டமைப்பையும் தட்டிவிட்டால் தனக்கென்று உள்ள ஒரு வேகத்தில்தான் ஆடும். அதை இயல் அதிர்வெண் என்கிறோம். ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளினால் சின்னக் கை கூடப் பெரிய ஆட்டம் போட வைக்கும். சுழல்கள் உதிரும் வேகம் இயல் அதிர்வெண்ணோடு ஒத்துப்போனால் அதேதான் நடக்கிறது. இதை ஒத்ததிர்வு என்பார்கள். 2 மீட்டர் விட்டமுள்ள ஓர் எஃகுப் புகைபோக்கி நொடிக்கு ஒரு முறை ஆடக்கூடியது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரூஹால் கணக்கைத் திருப்பிப் போட்டால், ஆபத்தான காற்று நொடிக்கு 10 மீட்டர், அதாவது மணிக்கு 36 கிலோமீட்டர். இது புயல் இல்லை. வருஷத்தில் பல நாள் வீசும் சாதாரணக் காற்று. புயலைத் தாங்கும் பலத்தோடு கட்டிய புகைபோக்கி, அதைவிட மெல்லிய காற்றில் மணிக்கணக்கில் ஆடித் தளர்ந்துபோவது இதனால்தான்.

உயரமான எஃகுப் புகைபோக்கிகளின் மேல்பகுதியில் திருகுபோலச் சுற்றிக்கொண்டு போகும் தகடுகளைப் பார்த்திருப்பீர்கள். அழகுக்கு வைத்தது இல்லை. பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் ஸ்க்ரூட்டன் 1950-களில் உருவாக்கிய தீர்வு அது. விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு உயரமுள்ள மூன்று தகடுகள், ஐந்து விட்ட உயரத்துக்கு ஒரு சுற்று. சுழல்கள் நிற்பதில்லை, ஆனால் ஒவ்வோர் உயரத்திலும் வெவ்வேறு நேரத்தில் கழலும்படி அவற்றைக் கலைத்துவிடுகிறது. எல்லோரும் ஒரே நேரத்தில் இழுக்காவிட்டால் தேர் நகராது அல்லவா, அதுதான்.

உயர் அழுத்த மின்கம்பிகளிலும் இதே கதை. 30 மில்லிமீட்டர் தடிமனுள்ள கம்பியில் நொடிக்கு 3 மீட்டர் இளங்காற்று பட்டால், நொடிக்கு 20 முறை அதிர்வு. நாள் முழுக்க வீசினால் 17 லட்சம் முறைக்கு மேல். ஆட்டம் கண்ணுக்கே சரியாகத் தெரியாது, ஆனால் கோபுரத்தில் பிடித்திருக்கும் இடத்தில் கம்பியின் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துவரும். கோபுரத்துக்குப் பக்கத்தில் கம்பியில் டம்பெல் போல ஒன்று தொங்குகிறதே, அது அந்த அதிர்வை உறிஞ்சிக்கொள்வதற்கு. 1920-களில் அமெரிக்கப் பொறியாளர் ஸ்டாக்பிரிட்ஜ் உருவாக்கியது. இன்றும் அவர் பெயரில்தான் அழைக்கப்படுகிறது.

எண்ணெயோ நீராவியோ குழாயில் எவ்வளவு ஓடுகிறது என்று அளக்கவும் இந்த உதிர்தலையே பயன்படுத்துகிறார்கள். குழாய்க்குள் ஒரு சிறு கட்டையைக் குறுக்கே வைத்து, சுழல்களை எண்ணினால் வேகம் தெரிந்துவிடும்.

டக்கோமா பாலத்தைப் பற்றிச் சொல்லாமல் போனால் யாராவது கேட்பார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் 1940 ஜூலையில் திறந்து, அதே ஆண்டு நவம்பர் 7-இல் முறுகி முறுகி விழுந்த தொங்கு பாலம். சுழல் உதிர்வின் ஒத்ததிர்வால் விழுந்தது என்று பல பாடப்புத்தகங்களில் போட்டிருக்கும். கணக்கு அதற்கு ஒத்துவரவில்லை. அன்றைய காற்றில் சுழல்கள் நொடிக்கு ஏறத்தாழ ஒரு முறை உதிர்ந்திருக்க வேண்டும். பாலம் முறுகியதோ ஐந்து நொடிக்கு ஒரு முறை. பாலத்தின் அசைவே காற்றிலிருந்து மேலும் மேலும் ஆற்றலை வாங்கிக்கொள்ளும் வேறொரு நிகழ்வு அது, படபடப்பு என்று சொல்லலாம். பில்லாவும் ஸ்கேன்லானும் 1991-இல் இதைத் தெளிவாக எழுதினார்கள். அதற்கு முந்தைய மாதங்களில் பாலம் மேலும் கீழும் ஆடியதற்குத்தான் சுழல் உதிர்வு பொருத்தமான காரணம்.

சுழல் உதிர்வுக்கு நல்ல உதாரணம் வேண்டுமென்றால் சீனாவின் குவாங்தோங்கில் உள்ள ஹூமன் பாலத்தைப் பாருங்கள். நடுவில் இரண்டு தூண்களுக்கு இடையே 888 மீட்டர் நீளம், 1997-இல் திறந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக நின்ற பாலம் 2020 மே 5 அன்று அலைபோல ஆடியது. காற்று பெரிதாக இல்லை. பராமரிப்பு வேலைக்காகப் பாலத்தின் ஓரங்களில் தண்ணீர் நிரப்பிய பிளாஸ்டிக் தடுப்புகளை வரிசையாக வைத்திருந்தார்கள். காற்று வழுக்கிப் போகும்படி செதுக்கிய தளத்தின் வடிவத்தை அந்தத் தடுப்புகள் மாற்றிவிட்டன.

இதைவிட எனக்கு அதிகம் படிப்பினை தருவதாகத் தெரிவது ஜப்பானின் மோஞ்சு அணு உலை. 1995 டிசம்பர் 8-இல் அங்கே இரண்டாம் நிலைக் குளிர்விப்புக் குழாயிலிருந்து திரவ சோடியம் கசிந்து தீப்பிடித்தது. குழாய்க்குள் வெப்பமானியைச் செருகியிருக்கும் உறை ஒன்று முறிந்திருந்தது. ஒரு சிறு உருளைதான் அது. வடிவமைத்தவர்கள் சுழல் உதிர்வை மறந்துவிடவில்லை. பக்கவாட்டு ஆட்டத்துக்கான ஆபத்தான வேகம் வரை ஓட்டம் போகாது என்று பார்த்திருந்தார்கள். ஆனால் சுழல்கள் ஓட்டத்தின் திசையிலும் முன்னும் பின்னும் உலுக்கும், அது பக்கவாட்டு ஆட்டத்தைவிடக் குறைந்த வேகத்திலேயே தொடங்கும். அந்த ஆட்டம் கணக்கில் வரவில்லை. தடித்த பகுதி சட்டென்று மெலிந்த பகுதியாக மாறும் மூலையில் விரிசல் விழுந்து உறை ஒடிந்தது. உலை மறுபடி இயங்கத் தொடங்கியது 2010-இல்தான். அதுவும் நீடிக்கவில்லை, 2016-இல் நிரந்தரமாக மூட முடிவு செய்தார்கள்.

0.2 என்ற எண் மட்டும் தெரிந்தால் போதாது என்பதை இது காட்டுகிறது. முதுநிலை ஆராய்ச்சிக்கு இடம் இருப்பதும் அங்கேதான். உருளை அசையாமல் நிற்கும்வரை கதை எளிது. அது அசையத் தொடங்கினால் அதன் அசைவு சுழல்களை மாற்றும், மாறிய சுழல்கள் அசைவை மாற்றும். கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஃபெங் என்ற மாணவர் 1968-இல் முதுநிலைப் பட்டத்துக்காக, ஸ்பிரிங்கில் மாட்டிய உருளையைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து அளந்தார். வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனால் உதிர்தலின் அதிர்வெண்ணும் கூட வேண்டும். கூடிற்று, உருளையின் இயல் அதிர்வெண்ணைத் தொடும்வரை. அதற்குப் பிறகு காற்றின் வேகம் ஏறினாலும் உதிர்தல் அந்த அதிர்வெண்ணிலேயே பிடிபட்டு நின்றது. உருளையின் ஆட்டம் சுழல்களைத் தன் தாளத்துக்கு இழுத்துக்கொள்கிறது. வேகத்தைக் கூட்டும்போது கிடைத்த ஆட்டமும் குறைக்கும்போது கிடைத்த ஆட்டமும் வேறு வேறாக இருந்தன. ஒரு முதுநிலை ஆய்வேடு; அரை நூற்றாண்டு கடந்தும் இந்தத் துறையில் கட்டுரை எழுதுபவர்கள் தங்கள் முடிவுகளை அதோடு ஒப்பிடுகிறார்கள்.

காற்றில் இருப்பதைவிடத் தண்ணீரில் சிக்கல் அதிகம். காற்றைவிட எஃகு பல ஆயிரம் மடங்கு அடர்த்தி. தண்ணீரைவிட எட்டு மடங்குதான். ஆகவே தண்ணீரில் சுழல்கள் உருளையை எளிதாக ஆட்டிவிடும், வீச்சு ஒரு விட்டம் வரைக்கும் போகும், ஆபத்தான வேகங்களின் எல்லையும் அகலும். ஆழ்கடலிலிருந்து எண்ணெய் எடுக்கும் நீண்ட குழாய்களை வடிவமைப்பவர்களுக்குத் தூக்கம் கெடுவது இதனால்தான்.

இன்று இந்தத் துறையில் சோதனை செய்யும் மாணவரின் நாள் எப்படி இருக்கும்? முதலில் ஓட்டமே இல்லாத தொட்டியில் உருளையைக் கையால் இழுத்து விடுவார். ஆட்டம் எப்படிக் குறைந்து அடங்குகிறது என்று பதிவு செய்தால் இயல் அதிர்வெண்ணும் தணிப்பும் தெரியும். காற்றில் ஒரு முறை, அசையாத தண்ணீரில் ஒரு முறை. இதில் அவசரப்பட்டால் பின்னால் எடுக்கும் எந்த அளவுக்கும் அர்த்தம் இருக்காது. உருளையின் முனைகளைச் சுற்றித் தண்ணீர் உள்ளே நுழையாமல் தட்டுகள் வைக்க வேண்டும். அப்புறம் தண்ணீரில் தலைமயிரைவிட மெல்லிய கண்ணாடி மணிகளைத் தூவி, லேசர் ஒளியை ஒரு தாள்போல விரித்துப் பாய்ச்சி, நொடியின் மிகச் சிறு பங்கு இடைவெளியில் இரண்டு படம் எடுப்பார். முதல் படத்தில் இருந்த மணிக்கூட்டம் இரண்டாவதில் எவ்வளவு நகர்ந்திருக்கிறது என்று கணினி கணக்கிட்டால், ஓட்டத்தின் ஒவ்வொரு புள்ளியிலும் வேகம் கிடைத்துவிடும்.

கணினியில் செய்பவருக்கு வேறு பாடு. உருளையைச் சுற்றியுள்ள இடத்தை லட்சக்கணக்கான சின்னக் கட்டங்களாகப் பிரித்து ஒவ்வொன்றிலும் சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். கொந்தளிப்பின் மிகச் சிறிய சுழல் வரை எதையும் விடாமல் பிடிக்க வேண்டுமென்றால், ரெனால்ட்ஸ் எண் பத்து மடங்கு கூடும்போது கட்டங்கள் ஏறத்தாழ 178 மடங்கு கூடும். உண்மையான புகைபோக்கியின் அளவுக்கு இது கட்டுப்படியாகாது. எதை நேராகக் கணக்கிடுவது, எதைத் தோராயமாக விடுவது என்று தீர்மானிப்பதிலேயே பல முனைவர் பட்டங்கள் கழிகின்றன. இன்னொரு விசித்திரமும் உண்டு. கணினியில் உருளை அப்பழுக்கற்ற வட்டம், இரு பக்கமும் அச்சு மாறாத சமம். அதனாலேயே சுழல்கள் வெகுநேரம் உதிராமல், ஹீமென்ஸ் கண்ணில் காணக் கிடைக்காத அந்த நிலையான ஓட்டம் திரையில் நின்றுவிடுவதுண்டு. அது நிலையற்ற சமநிலை. எண்களை முழுமையாக்கும்போது வரும் பிழை மெல்ல வளர்ந்து அதைக் கலைக்கும்வரை காத்திருக்க வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் தொடக்கத்தில் ஒரு சிறு தள்ளலைக் கொடுத்துவிடுவார்கள். அது சரியான வழிதான்.

தொடங்க நினைப்பவருக்கு ஒன்று சொல்வேன். ஓப்பன்ஃபோம் போன்ற இலவச மென்பொருளில் ரெனால்ட்ஸ் எண் 100-க்கு உருளையை ஓட்டிப் பாருங்கள். சாதாரண மடிக்கணினி போதும். ஸ்ட்ரூஹால் எண் 0.16-ஐ ஒட்டி வர வேண்டும், 0.2 அல்ல. இந்தக் குறைந்த ரெனால்ட்ஸ் எண்களுக்கான தொடர்பை அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட மாணவராக இருந்த ரோஷ்கோ 1950-களின் தொடக்கத்தில் அளந்து ஒரு சிறிய வாய்பாடாகத் தந்தார்: 21.2-ஐ ரெனால்ட்ஸ் எண்ணால் வகுத்து, அதை 1-இலிருந்து கழித்து, வருவதை 0.212-ஆல் பெருக்க வேண்டும். 100-க்கு 0.167 வரும். உங்கள் விடை இதைவிட நன்றாக ஏறி நின்றால், பக்கச் சுவர்களை உருளைக்கு ரொம்ப நெருக்கமாக வைத்திருக்கிறீர்களா என்று முதலில் பாருங்கள். குறுகிய இடத்தில் ஓட்டம் வேகம் பிடித்துவிடும். 0.3 வந்தாலும் பதற வேண்டாம். 1996-இல் ஷேஃபரும் டூரெக்கும் வெளியிட்ட புகழ்பெற்ற ஒப்பீட்டுக் கணக்கில் 0.41 மீட்டர் அகலக் கால்வாய்க்குள் 0.1 மீட்டர் உருளை இருக்கும், அங்கே சரியான விடையே 0.295-க்கும் 0.305-க்கும் இடையில்தான்.